தீயணைப்பு வண்டிப் பிறந்தநாள்: மெழுகுவர்த்தி ஏற்றலாமா, வேண்டாமா?

2025 மார்ச் 9, காலை

ஏப்ரல் 17-ல் பையனுக்கு 5 வயது முடிகிறது. ஃபயர் இஞ்சின் பிறந்தநாள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். 19-ம் தேதி சனிக்கிழமை மாலை, திருச்சியில் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடி. 3 முதல் 7 வயது வரை 14 பிள்ளைகள் வருவார்கள். தீயை அணைக்கிறவர்களைக் கொண்டாடும் நாளில், கேக்கின் நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றி அத்தனை பிள்ளைகளையும் நெருக்கிச் சுற்றி நிற்க வைப்பது சரியா? வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 9, இரவு

தீம் பொருள்கள் பெட்டியாகவே கிடைக்கும், வாங்கிவிடு என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பார்த்தேன். கறுப்பு மஞ்சள் கோட்டு, அகலத் தொப்பி, புள்ளி போட்ட வெள்ளை நாய். பையனிடம் படத்தைக் காட்டினால் "இது யாரும்மா?" என்று கேட்கிறான்.

அவனுக்குத் தெரிந்த ஃபயர் சர்வீஸ் வேறு. போன மழைக்காலத்தில் பக்கத்துக் காலி மனையிலிருந்து பாம்பு ஒன்று எங்கள் படிக்கட்டுக்கடியில் வந்து சுருண்டுகொண்டது. காக்கிச் சட்டையில் இரண்டு பேர் வந்தார்கள். நீளமான இடுக்கியால் பிடித்து, சாக்கில் போட்டு, வாயைக் கட்டி எடுத்துப் போனார்கள். போகும்போது ஒருவர் இவனைப் பார்த்து, "தம்பி, பாம்பைப் பார்த்தா கிட்ட போகக் கூடாது, அம்மாவைக் கூப்பிடணும், சரியா?" என்றார். அன்றிலிருந்து ஆரம்பித்த பைத்தியம் இது. அவன் கணக்கில் ஃபயர் சர்வீஸ் என்றால் பாம்பு பிடிப்பவர்கள், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குகிறவர்கள், அப்புறம்தான் தீ. நம் ஊரில் அவர்களுக்கு வரும் அழைப்புகளை யோசித்தால் அவன் சொல்வதில் தப்பே இல்லை.

அந்தப் புள்ளி நாய் ஏன் என்று கேட்டவருக்கு: அது டால்மேஷன். அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிகளைக் குதிரைகள் இழுத்த காலத்தில், குதிரைகளோடு சேர்ந்து ஓடப் பழக்கிய நாய். குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் அது அடையாளமாக ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு அது சரி. நாங்கள் காக்கிக்குப் போகிறோம். அந்த பாலியெஸ்டர் கோட்டை ஏப்ரல் வெயிலில் பிள்ளைகளுக்கு மாட்ட எனக்கு மனசில்லை. தீப்பொறி பட்டால் அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டும் என்பதையும் மறக்க முடியவில்லை. பருத்திச் சட்டை, சிவப்புச் சார்ட் அட்டையில் தொப்பி, அது போதும்.

மார்ச் 16

பலூன். இதை நீளமாகவே எழுதுகிறேன்.

மிதக்கும் பலூன் வைத்தால் மாடி நிறைந்திருக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் ஹீலியம் என்றுதான் சொன்னாராம். ஹீலியம் தீப்பிடிக்காது, உண்மை. ஆனால் அது விலை அதிகம். நம் ஊரில் பலூன் விற்கும் பலர் நிரப்புவது ஹைட்ரஜன். காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் பழைய சிலிண்டரில் போட்டு அங்கேயே தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஹைட்ரஜன் பலூன் கொத்துக்கு மெழுகுவர்த்திச் சுடரோ மத்தாப்பு மெழுகுவர்த்தியின் பொறியோ பட்டால், ஒரே நொடியில் பந்தாகப் பற்றிவிடும். கீழே நிற்கிற பிள்ளையின் தலை, முகம், கைதான் முதலில். 2022 அக்டோபரில் எங்கள் ஊர்க் கடைவீதியிலேயே பலூன் சிலிண்டர் வெடித்து ஒருவர் உயிர் போனது. அந்தத் தெருவில் துணி வாங்காத திருச்சிக்காரர் கிடையாது.

பலூனுக்குள் இருப்பது எந்த வாயு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மிதக்கும் பலூன் வேண்டாம் என்று முடிவு. வாயால் ஊதிய பலூனைக் கட்டித் தொங்கவிடுவோம். உடைந்த ரப்பர்த் துண்டுகளை மட்டும் ஒருவர் உடனுக்குடன் பொறுக்க வேண்டும், மூன்று வயதுக்காரர்கள் வாயில் போட்டால் மூச்சுக்குழலை அடைத்துக்கொள்ளும்.

ஸ்னோ ஸ்பிரேயும் கிடையாது. அந்த நுரையைத் தள்ளி வருவது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன். அதாவது அடுப்பு எரிக்கும் கேஸின் சொந்தக்காரர்கள்தான். கேக் வெட்டும்போது எரிகிற மெழுகுவர்த்திக்கு மேலே அதை அடிப்பதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! நானும் கைதட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

மார்ச் 17

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படிப் பார்த்தால் எதையுமே செய்ய முடியாதே" என்று ஒருவர். செய்யலாம். நெருப்பை விளையாட்டுப் பொருளாக்காமல் தண்ணீரை விளையாட்டுப் பொருளாக்கலாம். ஏப்ரலில் எந்தப் பிள்ளை தண்ணீரை வேண்டாம் என்று சொல்லும்?

மார்ச் 23

தண்ணீர் விளையாட்டைத் தயார் செய்து பார்த்தேன். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பழைய பாட்டில்களை நாலு தடவை அலசி, மூடியில் ஊசியைச் சூடாக்கி ஓட்டை போட்டால் அருமையான பீச்சாங்குழல். எதிரே தண்ணீர் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் வாயிலும் ஆரஞ்சு நிறப் பிங்பாங் பந்து. பந்துதான் தீ. பீச்சி விழவைத்தால் அணைந்தது. முதலில் காகிதத்தில் சுடர் வெட்டி ஒட்டினேன், இரண்டாவது பீச்சலிலேயே கூழாகிவிட்டது. பந்து நூறு தடவை நனைந்தாலும் அப்படியே இருக்கிறது.

தண்ணீரை இப்படி வீணாக்கலாமா என்று கேட்டவர் கேட்டது நியாயம். மூன்று வாளி, அதற்கு மேல் இல்லை என்று வைத்திருக்கிறேன். பாட்டில்களைச் செடித் தொட்டிகளுக்கு முன்னால் நிறுத்தப்போகிறோம், பீச்சும் தண்ணீர் செடிக்குப் போய்ச் சேரும்.

மார்ச் 30

நிலையத்துக்குப் போய் வந்தோம். போய்க் கேட்டால் திட்டுவார்களோ என்று பத்து நாள் தயங்கினேன். அதிகாரி உட்கார வைத்துப் பேசினார். 14 பிள்ளைகளோடு விழா நாளில் வந்தால் சிரமம், அழைப்பு வந்தால் நாங்கள் கிளம்பிவிடுவோம், பிள்ளைகள் ஏமாந்து போகும். வேறொரு நாள் காலையில் மூன்று நான்கு பேராக வாருங்கள் என்றார். என் பையன், எதிர் வீட்டு ஏழு வயதுப் பெண், அவள் தம்பி மூன்று வயது, மூவரையும் கூட்டிப்போனேன்.

வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஹோஸின் பித்தளை முனையைத் தூக்க முடியாமல் தூக்கினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு வீரர், பிள்ளைகளை மகிழ்விக்க நினைத்து, முழு உடையும் முகமூடியும் முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வெளியே வந்தார். பாம்புக்கே பயப்படாத என் பையன் அலறிக்கொண்டு என் புடவைக்குள் முகத்தைப் புதைத்தான். சின்னவன் மேசைக்கடியில் போய்விட்டான். அந்த முகமூடியை நாமும் ஒருதரம் குழந்தையின் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். கண் தெரியாத கண்ணாடி, தும்பிக்கை மாதிரி குழாய், ஒவ்வொரு மூச்சுக்கும் உஸ்ஸ், கர்ர் என்று ஒரு சத்தம்.

அவர் உடனே முகமூடியைக் கழற்றித் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். சட்டையில் வியர்வை வழிகிறது. அவசரமே படவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார், மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டார். "இது பூட்ஸ். இது கோட்டு. மாமாவைத் தெரியுதா? இப்போ தொப்பி. இன்னும் தெரியுதா?" கடைசியில் முகமூடியைப் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் டிரம்முக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. பையன் விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டான். "உள்ளே மாமாதான் இருக்கார்" என்று எனக்கே விளக்கம் சொன்னான்.

கிளம்பும்போது அவர் என்னிடம் தனியாகச் சொன்னதுதான் இந்த விழாவையே மாற்றிவிட்டது. தீப்பிடித்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே ஓடாது, ஒளிந்துகொள்ளும். கட்டிலுக்கடியில், பீரோவுக்குள், துணி மூட்டைக்குப் பின்னால். புகைக்குள் நாங்கள் இந்த முகத்தோடு போய்க் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இன்னும் உள்ளே நகர்ந்துகொள்ளும். "ஒருதரம் பார்த்த பிள்ளை கையை நீட்டும்மா" என்றார்.

ஏப்ரல் 1

திருத்தம். ஆக்சிஜன் சிலிண்டர் என்று எழுதியது தவறு. அதில் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான் என்று இங்கே ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். தீ எரியும் இடத்துக்குள் தூய ஆக்சிஜனைக் கொண்டுபோவது ஆபத்து. நன்றி.

இன்னொன்று. பெட்ரோல் பங்க்கில் தொங்கும் சிவப்பு மணல் வாளிக்கு அடி ஏன் உருண்டையாக இருக்கிறது என்று பையன் கேட்டான். தரையில் வைத்தால் நிற்காதல்லவா? அதனால் வேறு வேலைக்கு யாரும் எடுத்துப்போக மாட்டார்கள், தேவைப்படும் நேரத்தில் மாட்டிய இடத்திலேயே இருக்கும். வீடு வந்ததும் தன் விளையாட்டுச் சாமான் வாளியின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 6

அத்தைக்கும் எனக்கும் நடந்த பேச்சு. மெழுகுவர்த்தி வேண்டாம் என்பதில் அவர் என் பக்கம், ஆனால் காரணம் வேறு. நல்ல நாளில் வாயால் ஊதி விளக்கை அணைப்பதா என்பது அவர் வருத்தம். அவர் வீட்டில் 'அணை' என்ற சொல்லையே விளக்குக்குச் சொல்ல மாட்டார்கள். விளக்கைக் குளிர வை என்பார்கள். தானாக நின்றால் மலையேறிவிட்டது என்பார்கள். "பொறந்த நாள் அன்னைக்கு ஏத்தத்தாண்டி வேணும், ஊதறது என்ன பழக்கம்?" அவர் அப்படிச் சொன்னதிலிருந்து என் 'வேண்டாம்' கொஞ்சம் இளகிவிட்டது. நெருப்பே இல்லாத விழா என்றால் குத்துவிளக்கும் இல்லாத விழாவா? அதற்கும் எனக்கு மனம் வரவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பையனுக்குப் பெரிய சந்தேகம். "அணைச்சுக்கோன்னா கட்டிப்பிடிக்கிறதுதானே? தீயணைப்பு மாமா தீயை ஏன் கட்டிப்பிடிக்கிறார்? சுடாதா?" நானும் அத்தையும் ரொம்ப நேரம் சிரித்தோம். நாற்பது வருஷமாக இந்தச் சொல்லைச் சொல்கிறார், ஒருநாளும் தோன்றவில்லை என்றார் அத்தை.

ஏப்ரல் 10

சாப்பாடு: ரவா கேசரி, தர்ப்பூசணி முக்கோணத் துண்டுகள், மோர், இட்லி. கேக் வெள்ளை க்ரீம், மேலே கழுவிய பொம்மை வண்டி. முழுச் சிவப்பு க்ரீம் கேட்காதீர்கள், அவ்வளவு சாயம் போட்டால் கசக்கும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். இன்றுதான் தீத்தொண்டு நாளும். 1944-ல் இதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறையில், பருத்தி மூட்டையும் வெடிபொருளும் ஒன்றாக ஏற்றி வந்த ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பலில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் வெடிப்பில் இறந்தார்கள். அவர்களை நினைத்துத்தான் 14 முதல் 20 வரை வாரம் கடைப்பிடிக்கிறார்கள். எங்கள் விழா அந்த வாரத்துக்குள்ளேயே வருவது தற்செயல்தான். ஆனால் தெரிந்த பிறகு சும்மா விட முடியவில்லை. நாளை கேசரி எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போகிறோம்.

ஒரு விஷயத்தை மாற்றிவிட்டேன். அட்டைப் பெட்டியில் எரிகிற வீடு செய்து, சன்னலில் பொம்மைக் குழந்தைகளை வைத்து, காப்பாற்றும் விளையாட்டு வைக்க நினைத்திருந்தேன். நேற்றிரவு சுடருக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. 2004 ஜூலை 16, கும்பகோணம், 94 பிள்ளைகள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எங்கள் வகுப்பில் யாரும் பேசவில்லை, டீச்சர் அழுதது மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் பக்கத்து மக்களுக்கு அது செய்தி இல்லை, வீட்டுத் துக்கம். விழாவுக்கு வரும் பெரியவர்களில் ஒருவருக்காவது அந்தச் சன்னலைப் பார்த்தால் என்ன தோன்றும்?

பெட்டியின் அடியை வெட்டி, சுற்றிலும் செங்கல் வரைந்து, கிணறாக்கிவிட்டேன். உள்ளே துணிக் கன்றுக்குட்டி. கயிறு கட்டித் தூக்க வேண்டும். பையனுக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 20

நடந்தது. களைப்பில் முன்பின்னாக எழுதுகிறேன்.

நாலரைக்குத் தொடங்கலாம் என்று சொன்னது என் பிழை, மாடித் தரை தோசைக்கல். ஐந்தேகால் வரை எல்லாரையும் கீழே வீட்டுக்குள் வைத்திருந்து, இரண்டு குடம் ஊற்றிய பிறகுதான் ஏற்ற முடிந்தது. சைரன் ஒலியைக் கைப்பேசியில் போட்டதும் சின்னவர்கள் இருவர் அழுதார்கள், நிறுத்திவிட்டேன். பெரிய பிள்ளைகள் வாயாலேயே சைரன் போட்டுக்கொண்டார்கள், அதற்கு யாரும் அழவில்லை.

தொப்பி கொடுக்கும்போது ஒரு பையன், "இது பசங்களுக்குத்தான்" என்று எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டான். அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளை உட்காரவைத்து பிரியா ரவிச்சந்திரன் பற்றிச் சொன்னேன். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் கலச மஹால் தீயில் உள்ளே போய்த் தீக்காயம் பட்ட அதிகாரி. "பொம்பளையா?" என்று அந்தப் பையனே கேட்டான். ஆமாம். அப்புறம் கன்றுக்குட்டியைத் தூக்க அவளைத்தான் தலைவியாக வைத்தார்கள்.

எல்லாவற்றிலும் நன்றாக வந்தது புகை விளையாட்டு. என் பழைய சாம்பல் நிறப் புடவையை நானும் கணவரும் இடுப்பளவில் விரித்துப் பிடித்தோம். அதுதான் புகை. புகை மேலே ஏறும், தரையை ஒட்டித்தான் மூச்சுவிடக் காற்று இருக்கும், தலை புடவையில் படாமல் தவழ்ந்து வாசலுக்குப் போக வேண்டும். நாங்கள் புடவையை இறக்க இறக்க அவர்கள் வயிற்றோடு ஊர்ந்தார்கள். ஏழெட்டு முறை கேட்டார்கள். நில், படு, உருள் சொல்லித்தர வேண்டும் என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அது உடையில் தீப்பற்றினால் செய்வது. ஒரே நாளில் இரண்டையும் சொன்னால் இந்த வயதில் குழப்பிக்கொண்டு, புகையைப் பார்த்தாலும் படுத்து உருளும். அது இன்னொரு நாளைக்கு.

பொம்மைத் தொலைபேசியில் 101 அழுத்தி முகவரி சொல்லும் விளையாட்டும் இருந்தது. 112-ம் சொல்லிக்கொடுத்தோம். 14 பேரில் ஐந்து பேருக்குத்தான் தங்கள் வீட்டு எண் தெரிந்தது. என் பையன் "லிஃப்ட்டுக்குப் பக்கத்து வீடு" என்றான்.

மெழுகுவர்த்தி: கடைசியில் ஒன்று ஏற்றினோம். கேக்கில் இல்லை. மண் தொட்டியில் மணல் நிரப்பி நடுவில் நட்டு, பிள்ளைகள் நாலடி தள்ளி உட்கார, கணவர் மட்டும் அருகில். அத்தை ஏற்றினார். பையன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தான். சுடர் முதலில் ஒன்றும் ஆகாததுபோல் நின்றது. பிறகு குட்டையாகி, ஓரம் நீலமாகி, திரியின் நுனியில் ஒரு மிளகளவு சிவப்பு மட்டும் மிஞ்சி, அதுவும் போனது. டம்ளருக்குள் வெள்ளைப் புகை சுற்றிச் சுற்றி வந்தது. மாடியில் ஒரு சத்தம் இல்லை. "குளிர்ந்துடுச்சு" என்றார் அத்தை. அவருக்கு முழுத் திருப்தி.

ஏப்ரல் 23

டம்ளர் பற்றி மறுயோசனை. மூன்று நாளாகப் பையன் "மறுபடி பண்ணலாம்மா" என்கிறான். நேற்று சாமி அலமாரிப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போவதைப் பார்த்தேன். தீப்பெட்டி, லைட்டர் இரண்டையும் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன். தீப்பெட்டி கண்ணில் பட்டால் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று, பாம்புக்கு அந்த மாமா சொன்ன அதே வரிசையில் சொல்லியிருக்கிறேன். நான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு டம்ளர் வேடிக்கை காட்டாதீர்கள். வெறும் தண்ணீர் போதும்.

ஏப்ரல் 24

சுட்டுக்கொண்டால் பற்பசை தடவலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இங்க், மாவு, நெய் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ் கூடாது. மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, மூட்டு, பெரிய காயம், அல்லது சின்னக் குழந்தை என்றால் நேராக மருத்துவமனை.

மே 11

நேற்று மாலை கொசு மருந்து அடிக்க வந்திருந்தார்கள். முகத்தை மறைத்த ஒருவர், தோளில் இயந்திரம், காது கிழியும் சத்தம், தெரு முழுக்க வெள்ளைப் புகை. போன முறை இந்தச் சத்தம் கேட்டதும் பையன் கட்டிலுக்கடியில் போய்விட்டான், இழுத்து வெளியே எடுக்க அரைமணி ஆனது. நேற்று நான் அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள் சன்னல் கதவைச் சாத்திவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கண்ணாடிக்கு வெளியே அந்த முகமூடி எங்கள் பக்கம் திரும்பியது. இவன் கையை ஆட்டினான். அவர் ஒரு நொடி இயந்திரத்தைத் தாழ்த்திப் பதிலுக்கு ஆட்டினார்.

"உள்ளே ஒரு மாமா இருக்கார்மா" என்றான்.